கரி

வரைபடத்தில் முக்கால் நகரம் மஞ்சள்.
மங்கலம் என்று நினைத்துவிடாதீர்கள்.
ஒரு மனை, ஒரு வீடு, ஒரு குடும்பம்,
இரண்டு கார் நிற்க இடம்.
இன்னொரு அடுப்பு கூடாது,
கடை கூடாது,
வெளிப்படி தெருவைப் பார்த்து இறங்கக் கூடாது
என்று அந்த மஞ்சளுக்குப் பொருள்.

கனடாச் சமவெளியில்
ஐந்து மாதம் பனி படுத்துக் கிடக்கும் ஊர் அது.
வண்ணம் தீட்டியவர்கள் யாரும் இன்று இல்லை.
அன்று பெட்ரோல் தண்ணீர் விலை.

ரெனாட்டோ மகரயெக்,
திட்டப் பிரிவில் மூன்றாம் நிலை அலுவலன்,
மூக்குக் கண்ணாடியில் எப்போதும் ஒரு விரல்ரேகை,
பதினாறு மாதம் அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தான்.
அவன் கணக்கு எளிது.
வாங்குவது இரண்டு லிட்டர் பால்.
போக வர பன்னிரண்டு கிலோமீட்டர்.
அதைச் சுமந்து வர ஆயிரத்து எண்ணூறு கிலோ இரும்பு.
இதை எத்தனை வீட்டால் பெருக்குவது என்பதுதான்
மீதி அறிக்கை முழுவதும்.

விசாரணை நாளில் எண்பத்து மூன்று பேர்
பெயர் கொடுத்திருந்தார்கள்.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.

பல் மருத்துவர் டெல்மர் பென்னர் சொன்னார்:
"நான் முப்பது வருடக் கடனில் வாங்கியது வீட்டை அல்ல,
அமைதியை."
ஓரிசியா ஹ்னாட்டியுக் சொன்னாள்:
"பக்கத்து மனையில் நான்கு மாடி வந்தால்
என் தக்காளிக்கு யார் வெயில் தருவார்கள்?"
டானிஸ் டுஷார்ம், செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு:
"கல்லூரிக்கு மூன்று பேருந்து மாறுகிறேன்.
அருகில் ஒரு நிலவறை வாடகைக்குக் கிடைத்தது.
சட்டப்படி அந்த அறை இல்லை என்றார்கள்.
அங்கே குடியிருந்திருந்தால்
நானும் இல்லாமல் போயிருப்பேன்."
அவளுக்கு இன்னும் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது.
உட்கார்ந்துவிட்டாள்.

கரியமில வாயு என்று
ரெனாட்டோ ஒரே ஒருமுறை சொன்னான்.
நாற்பத்தேழாம் பக்கம், அட்டவணை.
யாரோ இருமினார்கள்.

பழந்தமிழில் கரி என்றால் சாட்சி.
அவனுக்குத் தெரிய வழியில்லை,
நமக்குத் தெரியும்.
எல்லாரும் பேசி முடித்தபோது
யாரும் கூப்பிடாத அந்தச் சாட்சி
வெளியே மைனஸ் முப்பத்தொன்றில்
நூறு புகைக்குழாய்களின் வாயில் நின்றது,
வெள்ளை வெளேரென்று.
கூட்டம் முடியுமுன்னே
வண்டிகளைச் சூடாக்க ஆட்கள் இறங்கிப் போயிருந்தார்கள்.

எட்டுக்கு ஏழு.
மஞ்சள் தோற்றது.
மணி பதினொன்று ஐம்பது.
கடைசிப் பேருந்து போய்ப் பத்து நிமிடம்.

நிறுத்தத்தில் ரெனாட்டோ
ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான்.
ஒரு கார் மெதுவாக வந்து நின்றது.
"ஏறு" என்றாள் ஓரிசியா,
கோபம் குறையாத குரலில்.

பத்தொன்பது நிமிடம்.
உறங்கும் வீடு, உறங்கும் வீடு, உறங்கும் வீடு.
தொலைவு என்ற சொல்லுக்குள்
தொலைவதும் இருக்கிறது.

"நான்கு மாடி வந்தால் கீழே என்ன வரும்?"
"கடை வரலாம்."
"வரலாமா? வருமா?"
"சட்டம் தடுக்காது.
சட்டத்தால் முடிவது அவ்வளவுதான்."
வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.
"எனக்குக் கண்ணில் புரை" என்றாள்.
"இன்னும் இரண்டு குளிர்காலம் ஓட்டுவேன்.
அப்புறம்?"
அவனிடம் நாற்பத்தேழாம் பக்கம் இருந்தது.
சொல்லவில்லை.

மறுநாள் திரையில்
ஒரு விசையைத் தட்டினான்.
முக்கால் நகரம் செம்மண் நிறமானது.
வெளியே எதுவும் மாறவில்லை.
பனி எல்லா மனையிலும்
ஒரே அளவு விழுந்துகொண்டிருந்தது.

ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது, கையெழுத்தில்:
ஜூன் மாதத்தில் அந்த நிழல்
என் வேலியை எத்தனை மணிக்குத் தாண்டும்?

அரை நாள் செலவழித்து
சூரியனின் சாய்வைக் கணக்கிட்டான்.
அது அவன் வேலையில் சேர்த்தி இல்லை.
மாலை நான்கு பத்துக்கு மேல், என்று எழுதினான்.
கிழக்கு வேலி ஓரம் ஆறரை வரை வெயில் உண்டு.

பதில் வரவில்லை.
அந்தக் கோடையில்
தக்காளி கிழக்கு ஓரத்தில் நின்றது.