ஐந்து மில்லி

வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது.
சரி.
கல்லடிச் சந்தையில் கோழி மலிவு.
இறால் என்ன விலை என்று
என் மனுசன் கிறகோரியைக் கேளுங்கள்.
தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து
வெள்ளிதோறும் எங்கள் வீட்டில் கலியாணச் சாப்பாடு.
யாருக்காக எதை ஒறுத்தோம் என்று
சிலுவைப்பாதைக்கு வெளிக்கிட முன்
சொதியைத் தொட்டு நக்கியபடி யோசிக்கிறேன்.

இன்னொன்று.
நற்கருணைக்கு ஒரு மணித்தியாலம் முன்
ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது.
இரவு வேலை முடிகிற அவசரத்தில்
ஏழுக்குப் பத்து நிமிசம் இருக்கக் குடித்த பிளேன்ரீ
ஏழே கால் பூசையில் நாக்கில் இன்னும் கசக்கிறது.
பிரசங்கம் நீண்டால் கணக்குச் சரிவரும்.
சுவாமி இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று
தாண்டவன்வெளிக் கோயிலில்
மன்றாடுகிற ஒரே ஆள் நான்தான்.

இப்படிச் சில்லறைக் கேள்விகளைப்
பேர்சுக்குள் குலுக்கிக்கொண்டு திரிந்தவள்.
பெரிய தாள் ஒன்று கைக்கு வந்தபோது
மாற்றத் தெரியவில்லை.

மாசி மாதம். குறைமாதப் பிள்ளைகளின் வோட்.
'பேபி ஒஃப் றிஸ்மியா',
எழுநூற்று இருபது கிராம்.
தாய் கீழ்மாடியில் மயக்கம் தெளியாமல்.
இரவு இரண்டே முக்காலுக்கு
ஒக்சிசன் எண் இறங்கிக்கொண்டிருக்க
டொக்டர் என்னைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறேன்:
சாகப்போகிற பிள்ளைக்கு
ஆரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்.
சிஸ்டர் ஒரு பிளாஸ்ரிக் பொம்மையின் தலையில்
ஊற்றிக் காட்டினா.
பொம்மை கண்ணை மூடித் திறந்தது.
நாங்கள் சிரித்தோம்.

என் கையில் சிறிஞ்ச். ஐந்து மில்லி தண்ணீர்.
எப்போது எடுத்தேன் என்று தெரியாது.
பிள்ளையின் நெற்றி
ஒரு ஐம்பது சதக் குத்தி அளவு.

வெளியே வாங்கில் தகப்பன்.
வாழைச்சேனையில் மீன் லொறி ஓடுகிறவர்,
வேலைச் சேட்டோடு வந்திருந்தார்.
பார்வையாளர் நேரம் இல்லை.
கதவைத் திறந்தேன்.

"கையக் கழுவணுமா மிஸ்?"

குழாய்க்கு மேல் படம் ஒட்டியிருக்கிறது,
கை கழுவ ஏழு படி.
அவர் படத்தைப் பார்க்கவில்லை.
வாய், மூக்கு, முகம், முழங்கை மட்டும்
மும்மூன்று தரம்,
எங்கள் படத்தில் இல்லாத இடமெல்லாம் கழுவினார்.
பிறகு இன்குபேற்றரின் வட்டக் கதவுக்குக் குனிந்து
வலது காதில் பாங்கு சொன்னார்.
ஒலிபெருக்கியில் கேட்டே பழகியதை
அன்றைக்குத்தான்
ஒரு நுளம்பு பறக்கிற சத்தத்தில் கேட்டேன்.

நாலு பத்துக்குக் கருவியின் ஓசையை நிற்பாட்டினேன்.

அடுத்த வெள்ளி பாவசங்கீர்த்தனம்.
தண்ணீர் எடுத்தது பாவமா,
ஊற்றாமல் விட்டது பாவமா?
ஒன்றாவது பிழையாய் இருக்கும் என்று
இரண்டையும் சொன்னேன்.
தட்டிக்கு அந்தப் பக்கம்
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"எத்தின கிராம் எண்டு சொன்னீங்க?"
திரும்பச் சொன்னேன்.
றெமீஜியஸ் சுவாமி மூக்கை உறிஞ்சினார்.
தடிமனாக இருக்கலாம்,
மாசியில் மட்டக்களப்பில் எல்லாருக்கும் தடிமன்.
அபராதம், ஒரேயொரு அருள்நிறை மரியே.
குறைத்துப் போட்டுவிட்டாரோ என்று
இன்றைக்கும் சந்தேகம்.

சீருடையைத் தோய்க்கப் போட்டபோது
பையில் அந்தச் சிறிஞ்ச்.
மூடி கழரவில்லை, ஒரு துளி சிந்தவில்லை.
மந்திரிக்காத வெறும் தண்ணீர்,
கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றலாம்.
ஊற்றவில்லை.

"இறாலுக்கு முருங்கையிலை போடவா கா?"
குசினியிலிருந்து கிறகோரி.
இன்றைக்குச் சோறும் உப்பும் காணும் என்று
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
விடிய நாலு மணிக்கு எழும்பிப் போய்
வாவிக் கரையில் நின்று வாங்கி வந்த மனுசன்.

போடுங்க, என்றேன்.

சிறிஞ்ச் பிறிட்ஜின் மேல்
மின்சார பில்லைப் பறக்காமல்
பிடித்துக்கொண்டு கிடக்கிறது.