இடது பக்கப் பட்டை

மூக்கனேரியின் வடகரையில்
எட்டுச் சக்கரமும் சேற்றில் குந்தியிருக்க,
இடது பக்கப் பட்டை மட்டும் கழன்று
சாப்பிட்டு முடித்தவன் தளர்த்திய பெல்ட்டைப் போல
ஆகாயத்தாமரை மேல் கிடக்கிறது.

தண்ணியிலும் போகும், தரையிலும் போகும் என்றுதான்
வாங்கிக்கொண்டு வந்தார் காண்ட்ராக்டர் இருசப்பன்.
இரண்டுக்கும் நடுவில் சேறு என்று ஒன்று இருக்கிறது.
அதைப் பற்றி விற்றவன் வாயே திறக்கவில்லை.

போனில் கேட்கிறார், எவ்வளவு நேரமாகும்?
நான் ஏற்காட்டு மலையைப் பார்க்கிறேன்.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாய்
மழை இறங்கி வந்துகொண்டிருக்கிறது.

முதலில் காற்றை இறக்க வேண்டும்.
நாலு டயர். வால்வுக்குள் தீக்குச்சி.
ஒவ்வொன்றும் ஒரு குரலில் பெருமூச்சு விடுகிறது.
சக்கரம் இளைத்தால்தான் பட்டை ஏறும்,
பிறகு ஊதினால் அதுவே இறுகும்.
இது தெரியாத மெக்கானிக் ஒருத்தன் போன மாதம்
கடப்பாரையோடு அரை நாள் மல்லுக்கட்டி
ஆயிரத்து ஐநூறு வாங்கிக்கொண்டு போனான்.

மாதேஸ்வரி பட்டையை இழுத்து வந்து விரிக்கிறாள்.
பள்ளம் பள்ளமாய் விரல் விட்டுச் சேறு வழிக்கிறாள்.
ஒரு நத்தை. ஒரு ஷாம்பு பாக்கெட்.
யாரோ கரைத்த பிள்ளையாரின் ஒரு காது.
காதை மட்டும் தனியாய் எடுத்துக்
கல்மேல் வைக்கிறாள்.

ஏழு வருடம் கொலுசுப் பட்டறையில்
கண்ணி கோத்த கை.
இதுவும் அதேதாண்ணா, யானைக் கால் அளவு என்கிறாள்.
அங்கே சாயங்காலம் வெளியே வரும்போது
நகக்கண்ணைத் தட்டிக் காட்ட வேண்டும்,
வெள்ளிப்பொடி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று.
இங்கே நகத்தில் இருப்பதை
யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

வண்டியைப் பட்டைமேல் ஏற்றி
இரு முனையையும் மேலே கொண்டுவந்து
லாரிச் சரக்குக் கட்டும் பெல்ட்டால் இழுக்கிறோம்.
ஒரு கடகட, ஒரு விரற்கடை.
உள்பற்கள் டயர்களுக்கு நடுவில் உட்கார வேண்டும்.
மூன்றாவது டயர் ஒப்புக்கொள்ளவில்லை.
உதைத்தேன். நயமாகச் சொன்னேன்.
கெட்ட வார்த்தைக்குத்தான் அசைந்தது.

முனைகள் சேரப்போகும் நேரம் பார்த்து
அண்ணா, அம்பு பின்னாடி பாக்குது என்கிறாள்.
ரப்பரில் வார்த்த சின்ன அம்பு.
கரையை, கன்னங்குறிச்சியை, வீட்டைக் காட்டுகிறது.
அதன் யோசனையும் நல்ல யோசனைதான்.
எல்லாவற்றையும் அவிழ்த்தோம்.
மறுபடி முதலிலிருந்து.
அதற்குள் மழை வந்துவிட்டது.

இந்த முறை முனைகள் சேர்ந்தன,
பின்னைக் காணோம்.
டப்பாவில் இல்லை, சீட்டுக்கடியில் இல்லை.
ஏரிக்குள் எங்கோ இருக்கிறது.
போன்: ஆச்சா?
ஆச்சுங்க, பின்தான் பாக்கி.
பின்னாலயா?
இல்லைங்க, பின்.
சிக்னல் போய்விட்டது.

மாதேஸ்வரி எழுந்து பம்ப் ரூம் பக்கம் போகிறாள்.
திரும்பும்போது கையில் தாழ்ப்பாள்.
துரு தின்றது கதவின் திருகாணிகளைத்தான், கம்பி கெட்டி.
புதுப் பூட்டு திறக்காமல் அதிலேயே தொங்குகிறது.
ஆக்ஸா பிளேடால் அளவுக்கு அறுத்தோம்.
நான் இழுத்துப் பிடிக்க, அவள்
தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூச்சை நிறுத்தி,
நூறு கிராம் ஜோடிக்குக் கொக்கி வைப்பவள் போல்
செருகினாள். ஒரே தடவை.

பிறகு கால் பம்பு. என் முழங்கால்
எண்ணிக்கையை எனக்கு முன்பே விட்டுவிட்டது.
பட்டையைச் சுண்டிப் பார்க்கிறேன்:
தவில் மாதிரி இல்லை,
தலையணை மாதிரியும் இல்லை. போதும்.

இப்போது தண்ணீரில் இருக்கிறோம்.
சக்கரம் தரையை விட்ட நொடியில்
வயிறு ஒருமுறை எழும்பி அடங்கியது.
இடது பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும்
தாழ்ப்பாள் கம்பி ஒரு டக்.
மிச்சமெல்லாம் உதிர்ந்து
ஒற்றை முத்து தங்கிய கொலுசு.
மாதேஸ்வரி வாய்க்குள் எண்ணிக்கொண்டு வருகிறாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கரையில் பம்ப் ரூம் கதவு
காற்றுக்குத் திறக்கிறது, மூடுகிறது.
கல்மேல் அந்தக் காது நனைகிறது.
சட்டைப்பையில் இருசப்பன் மறுபடி அடிக்கிறார்.
என் இரண்டு கையிலும் லிவர்.