ஐடிலிங்கில் அரைக் கிலோ

மித்திராவயல் தாண்டி, வற்றிய கண்மாய்க்குள்
நிலத்தடி நீருக்காகக் கம்பிகள் ஊன்றி
மண்ணின் மின்தடையை அளந்துவிட்டுத் திரும்புகையில்
டேஷ்போர்டில் முள் படுத்துக்கொண்டது.
டயரில் ஏறும் முள்ளை எனக்குத் தெரியும்.
இது குத்தாமலே பயமுறுத்துகிற முள்.

வண்டியை அணைத்தேன்.
ஆயில் கம்பியை உருவித் துடைத்து
மறுபடி விட்டு உருவினேன்.
மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே, கறுப்பாக, போதுமான எண்ணெய்.
விரலில் தேய்த்து முகர்ந்தேன். டீசல் வாடை இல்லை.
பால் காப்பி நிறமும் இல்லை, ஆக, தண்ணீர் கலக்கவில்லை.
இல்லை இல்லை என்று எழுதிக்கொண்டே போவதுதான்
என் தொழிலிலும் பாதி.

செங்கல் இறக்கிவிட்டு வந்த டிராக்டரில் கயிறு கட்டி
தேவகோட்டை ரஸ்தா ரயில் கேட்டுக்குப் பக்கத்தில்
சந்தியாகு பட்டறை.

சந்தியாகு முள்ளை நம்புவதில்லை.
"மீட்டர் பொய் சொல்லும். ஒயர் பொய் சொல்லும்.
ஆயில் யூனிட் பிறந்ததே பொய் சொல்லத்தான்."
அந்த யூனிட்டைக் கழற்றி எறிந்துவிட்டு
புதுவயல் அரிசி ஆலை பாய்லரில் இருந்த
பித்தளை மீட்டரை அந்தத் துளையில் முறுக்கினார்.
பவுண்டுக் கணக்கு அவருக்கு ஒத்துவராது.
எல்லாம் கிலோதான்,
வாரச்சந்தைக் கத்தரிக்காய் மாதிரி.

ஆறின எஞ்சின்: மூன்றரைக் கிலோ.
நான் சிரித்துவிட்டேன்.
"சூடாகட்டும்" என்றார்.

கேட் மூடியது. ஒரு சரக்கு ரயில் போய் முடிந்து
கேட் திறந்தது.
இரண்டு. ஒன்றரை. ஒன்று.
ஐடிலிங்கில் அரைக் கிலோ, அதுவும் நடுங்கிக்கொண்டு.
ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இரண்டு வரை ஏறி
நிற்காமல் சரிந்தது.

"எனக்கும் பிரஷர் இருக்கு" என்றேன், சும்மா.
"ரத்தம் தானா ஊறும்மா. இது நாம ஊத்தினாத்தான்."

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் முள் நிமிராதா?
"காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை
ஃப்ரிட்ஜில வைக்கிற வைத்தியம் அது."

ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கை உருவி
ஸ்கேலில் வைத்து அளந்தார். நீளம் சரி.
பழைய ஃபில்டரை ஹேக்ஸா பிளேடால் அறுத்து
காகித மடிப்பை வெயிலில் விரித்தார்.
செம்புத்தூள் மினுங்கினால் பேரிங் போச்சு.
மினுங்கியது,
ஆனால் எண்ணிவிடுகிற அளவுக்குத்தான்.
பிறகு அட்டையை விரித்து மல்லாந்து படுத்து
சம்பை இறக்கினார்.

பம்புக்குக் கீழே, எண்ணெய் உறிஞ்சும் வாயில்
சல்லடையை அடைத்துக்கொண்டு சிவப்பாக ஏதோ.
கண்மாய்ச் செம்மண் என்றுதான் முதலில் நினைத்தேன்.
மண் இப்படி இழுபடாது.
கேஸ்கெட் பசை.
உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்து, புழுப்புழுவாக உதிர்ந்தது.

சந்தியாகு ஒன்றை நகத்தால் எடுத்து
வெகுநேரம் பார்த்தார்.
ஸ்பேனர் கிடக்கும் தகரப்பெட்டியில்
அதே சிவப்பில் ஒரு டியூப்
வால் சுருட்டப்பட்டுக் கிடந்தது.
இரண்டு வருஷத்துக்கு முன் ஒழுகலுக்கென்று
சம்ப் பேக்கிங் மாற்றியது இதே பட்டறையில்.
பில் என் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டேன்" என்றார்,
என்னிடம் இல்லை, சல்லடையிடம்.

டீசலில் கழுவினார். ஊதினார். மறுபடி கழுவினார்.
இந்த முறை பசையை
எறும்பு வரிசை அளவுக்கு விட்டு
விரலால் வழித்தார், அதையும் துணியில் துடைத்தார்.
இருட்டிவிட்டது. எஞ்சினைச் சூடாக்கினோம்.
ஒன்றேகால் கிலோ, நடுக்கமில்லாமல்.

"ஒன்றரை இருக்கணும். மீதிக் கால் பேரிங் தேய்மானம்,
அதை ஒளிக்க மாட்டேன். மழைக்கு முன்னாடி கொண்டாங்க."
எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் காசு எழுதினார்.
கூலி என்ற இடத்தில் ஒரு கோடு.

பாய்லர் மீட்டரைக் கழற்ற மறந்துவிட்டார்,
அல்லது மறக்கவில்லை.
ஹோஸை பானட்டுக்கு வெளியே இழுத்துக் கட்டியிருந்தது.
சங்கராபுரம் வரை
ஒரு கண் ரோட்டில், ஒரு கண் கிலோவில்.