மூன்றோ எட்டோ

பகாவ் ஆலை எடைமேடை. லாரி வராத அரைமணி.
நாளிதழின் கடைசிப் பக்கம், ஒன்பதுக்கு ஒன்பது.
நான் பேனாக்காரி.
ஊகித்து ஓர் ஏழைப் போட்டேன்;
நாலு கட்டம் தள்ளி இன்னோர் ஏழு இளித்தது.

காவலுக்கு நிற்கும் தேவ் குருங்,
என்னைவிடப் பத்து வயது இளையவன்,
எண்ணை எழுதமாட்டான்.
கட்ட மூலையில் பொடிப்பொடியாய்ப்
பென்சிலில் சந்தேகம் வைப்பான்.

இரண்டு கட்டம். மூன்றோ எட்டோ.
எது எங்கே?
"தாக் பெர்லு தாவு," என்றான்.
தெரிய வேண்டியதில்லையாம்.
இவை இரண்டும் இங்கேதான் என்றால்
அந்த வரிசையில் வேறெங்கும் இல்லை.
அழித்தோம்.
கடைசிக் கட்டத்தில்
தனியாய் மிஞ்சியது ஐந்து.

ஹாரன். செம்பனைக் குலைகள்.
மேடையில் எண் நடுங்கி நடுங்கி நின்றது.
பதிவேட்டைத் திறந்தேன்,
கையில் அவன் பென்சில்.