நுனி கிள்ளுதல்

ஐந்தாவது கணுவுக்கு மேலே
நகத்தால் கிள்ளினால் போதும்.
கத்தரிக்கோல் வேண்டாம்.
பச்சைத் தண்டு டக்கென்று விட்டுக்கொடுக்கும்,
விரலில் புளிப்பு ஒட்டும்.

உச்சி போனதும் செடிக்குக் குழப்பம்.
இரண்டு நாள் சும்மா நிற்கும்.
பிறகு இலைக்கக்கத்தில் தூங்கிய மொட்டுகள்
நானே உச்சி, நானே உச்சி என்று
ஆளுக்கொரு பக்கம் கிளம்பும்.

யீஷூன், பதினோராம் மாடி,
பொது நடைவழியில் நான்கு தொட்டி.
தள்ளுவண்டி போக வழி விட வேண்டும்;
ஓர் ஓடு தாண்டி இலை நீண்டாலும்
நகர மன்றத்திலிருந்து கடிதம் வரும்.
அதனால் வளைக்கிறேன்.
சீருடைக் காலணியின் பழைய நாடாவைக்
கைப்பிடிக் கம்பியில் முடிந்து
கிளைகளைப் படுக்கவைக்கிறேன்,
எந்தக் கணுவும் நிழலில் நிற்காதபடி.
அவசரப்பட்டால் முறியும்.
ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை.
கடைசிப் பேருந்தைப் பணிமனையில் விட்டு
இரண்டு மணிக்கு வந்து
டார்ச் வெளிச்சத்தில் நான் செய்வது இதைத்தான்.

யோசித்தால்,
இரண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில்,
பார்ப்பவருக்கு எப்படி இருந்திருக்கும்?

செவ்வாய்க்கிழமை. பகல் பதினொன்றரை.
பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்தேன்.
சாதாரண உடையில் இருவர், கையில் அட்டை.
"மிஸ்டர் தவசுமணி? இது உங்கள் செடியா?"

ஐந்து விரல் விரித்த இலை.
ஓரமெல்லாம் ரம்பப் பல்.
அப்போதுதான் நானும் முதல்முறையாகப் பார்த்தேன்,
ரயில் நிலையச் சுவரொட்டியில்
சிவப்புக் கோடு போட்டு அடித்திருக்கும்
அந்த இன்னொரு இலையை.
இந்த ஊரில் கயிற்றில் போய் முடியக்கூடிய இலை.

புளிச்சகீரை, மேடம். சாப்பிடுவது.
ஒன்றைப் பறித்து மென்று காட்டினேன்.
முகம் தானாகச் சுளித்தது.
அதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

ரைஹானா என்று அட்டையில் பெயர். சின்ன வயது.
"ஏன் நுனியெல்லாம் வெட்டியிருக்கிறது?
ஏன் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்?"
நிறையக் கிளைக்கத்தான்.
"நிறைய எதற்கு?"
சட்னிக்கு.
சட்னி என்று எழுதிக்கொண்டாள்.

இந்தத் தண்டை ஊறவைத்து நாரெடுத்துக்
கயிறும் திரிப்பார்கள்.
அதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

போகும்போது ஒரு நுனியை வெட்டி
நெகிழிப் பையில் போட்டு, ஒட்டி,
தேதி எழுதி, என் கையெழுத்தும் வாங்கினார்கள்.
என் நகம் படாத முதல் வெட்டு.
கணுவுக்குச் சற்று மேலே, சரிவாக.
பாராட்டவேண்டும் போலிருந்தது.

பதினெட்டு நாள் கழித்துத் தொலைபேசி.
ஒரே வாக்கியம்.
நன்றி சொன்னேன், எதற்கென்று தெரியாமல்.

யார் சொல்லியிருப்பார்கள்?
எங்கள் வரிசையில் நான்கு கதவு.
கோ தம்பதி. மீன்தொட்டி வைத்திருக்கும் நஸ்ரி.
ஒருநாள் நின்று, இது என்ன கீரை என்று கேட்ட
முனைவீட்டு சுலோசனா.
கேட்டவர் சொல்வாரா, கேட்காதவரா?
மின்தூக்கியில் எல்லோரும்
குட் மார்னிங்தான் சொல்கிறார்கள்.
சந்தேகத்தைத் தினமும் கிள்ளிப் போடுகிறேன்.
கிள்ளிய இடத்தில் இரண்டாகிறது.
இதற்குப் பழக்கப்பட்ட கைதான்,
ஆனாலும் இந்த விளைச்சல் வேண்டாம்.

அவர்கள் வெட்டிய கணுவிலும் இரண்டு கிளை.
இடப்பக்கத்தில் நேற்று ஒரு பூ:
மங்கிய மஞ்சள், தொண்டையில் மட்டும் கருஞ்சிவப்பு.
பூ வைத்தால் கீரை முற்றிவிடும்,
மொட்டிலேயே கிள்ளியிருக்க வேண்டும்.
தெரியும். விட்டுவிட்டேன்.
நாடாவை அவிழ்த்து அந்தக் கிளையைக் கொஞ்சம்
நடைவழிப் பக்கம் திருப்பிவைத்தேன்,
ஓர் ஓடு தாண்டி.

மதியம் வண்டிக்கு நேரமாகிவிட்டது.
நான் இறங்கும்போது
ஏதோ ஒரு கதவு மெல்லத் திறந்தது.
திரும்பிப் பார்க்கவில்லை.