வந்தபடி

கொடைக்கானலுக்குக் கடைசி பஸ் போன பிறகு
கடைக்குள் வருகிறார் குழந்தைவேலு.
கழுத்தில் கேமரா, காலில் சேறு,
கையில் முடிச்சுப் போட்ட பாலிதீன் பை.
அதற்குள் கேபிள், அதற்குள்ளும் மழை.

"நாளைக்குப் பத்து மணிக்கு ரேஞ்சர் ஆபீஸ்ல குடுக்கணும்.
படம் இதுக்குள்ளதான் இருக்கு,
வெளிய வரமாட்டேங்குது."

ஜெராக்ஸ் மெஷினுக்குப் போர்வை போர்த்தியாகிவிட்டது.
இன்னும் விழித்திருப்பது என் பழைய கணினி மட்டும்.
காசு கொடுத்து வாங்குகிற எதுவும்
இதன் வயதுக்கு ஒத்துவராமல்
ஒரு மழைக்கால இரவில் நானே லினக்ஸ் ஏற்றியது.
மாதம் ஒருமுறை வரும் மெக்கானிக் இதைத் தொடமாட்டார்,
முனி பிடித்த மாட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கேபிளைத் துடைத்துச் செருகுகிறேன்.
கேமரா கண்விழித்து, லென்ஸை நீட்டி,
பூம்பாறைக் குளிர் பட்டதும்
உள்ளே இழுத்துக்கொள்கிறது.
திரையில் ஒரு வரி:
கருவியைப் பிடிக்க முடியவில்லை,
வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்.

"வேற யாரு? நாம ரெண்டு பேருதானே."
கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

வேறு யாருமில்லை, இதே கணினிதான்.
செருகிய நொடியில், யாரும் கேட்காமலே,
இடக்கையால் பற்றிக்கொண்டு
வலக்கையால் தேடுகிறது,
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு
வீடெல்லாம் துழாவும் என்னைப்போல.
இடக்கையின் பெயரைக் கண்டுபிடித்து
போதும், விடு என்று ஒரு வரி அடித்தேன்.
விட்டது.

பிறகு வந்தன,
படிக்கட்டு வயலில் இறங்கும் ஆட்களைப்போல
ஒவ்வொன்றாய், பெயரில்லாமல், எண்ணோடு.
மிதிபட்ட பாத்தி. பிடுங்கி எறிந்த பூண்டு.
குளம்புத் தடத்தில் தேங்கிய தண்ணீர்,
பக்கத்தில் அளவுக்கு வைத்த தீப்பெட்டி.
சாய்ந்த வேலி. மறுபடி தீப்பெட்டி.
நாற்பத்து மூன்றாவதில்
காட்டெருமை.
பிளாஷ் பட்டு இரண்டு பச்சை விளக்கு,
வாயோரம் ஒரு பூண்டுத்தாள்,
என் இடத்தில் இந்நேரத்தில் யார் என்கிற முகம்.

"இவ்வளவு கிட்டப் போனீங்களா?"
"கேமராவுலதான் இழுத்தேன்."
படம் ஆடியிருக்கிறது. இழுத்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் தேதியைக் கவனித்தேன்.
எல்லாப் படத்துக்கும் ஒரே நாள்:
இரண்டாயிரத்து ஒன்பது, சனவரி ஒன்று.
பேட்டரி செத்துப் பிழைத்தபோது
கேமரா தன் பிறந்தநாளுக்கே திரும்பிப் போயிருக்கிறது.
"ரேஞ்சர் தேதியத்தான் மொதல்ல பாப்பாரு" என்றார்,
குரல் இறங்கி.

ஒரே ஒரு கட்டளை போதும்.
வருடம், மாதம், மணி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டுபோய்ப்
போன செவ்வாய் இரவில் நிறுத்திவிடலாம்.
விரல் விசைமேல் இருக்கிறது.
நடந்தது நிஜம், நாள் பொய்.
பொய்யை நான் திருத்தினால்
நிஜத்தின்மேல் என் கைரேகை விழும்.

"மாத்தவா?"

அவர் திரையருகே குனிந்து
பிடுங்கிக் கிடந்த ஒன்றைப் பெரிதாக்கச் சொன்னார்.
இன்னும் பல் பிரியாமல்
வெங்காயம்போல் ஒற்றையாய் உருண்ட பூண்டு.
"நட்டு அறுபது நாள். இதப் பாத்தா தெரியாதா அவருக்கு?"
கொஞ்சம் கழித்து அவரே,
"தெரியாது. ராமநாதபுரத்துக்காரரு."

கடைசியில் இரண்டு கோப்புறை போட்டேன்.
ஒன்றுக்குப் பெயர் வந்தபடி,
இன்னொன்றுக்குத் திருத்தியபடி.
கேமராவின் மறதியைப் பற்றி
ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி
அவர் கையெழுத்தும் வாங்கிப்
பென்டிரைவோடு உறையிலிட்டேன்.
எதை முதலில் திறப்பார் என்பது எங்கள் கையில் இல்லை.

கழற்றப் போகும்போது
திரை இன்னொரு வரி காட்டியது.
"இப்ப என்ன சொல்லுது?"
"பாதுகாப்பாக அகற்றலாமாம்."
முதல்முறையாகச் சிரித்தார்.
டார்ச்சைத் தொடையில் தட்டி எரியவைத்து,
"அத அதுகிட்ட வந்து சொல்லுங்க" என்று
சீகைக்காட்டு இருட்டைக் காட்டிவிட்டு இறங்கினார்.

மேசைமேல் மறந்துபோன தீப்பெட்டி.
எடுத்து என் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
படத்தில் இதைவிடச் சின்னதாக இருந்தது.