பட்டினிப் பாத்தி

இந்த வயலைப் பட்டினி போட
எங்களுக்கு நான்கு வருடம் ஆனது.

விதைத்தோம், அறுத்தோம்,
தட்டையைத் தூரோடு பிடுங்கி வெளியேற்றினோம்.
ஓர் இலைகூட மட்க விடவில்லை.
உரம் பட்ட செருப்பை
வேலிக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தோம்.
நைரோபியிலிருந்து மண் பரிசோதனைத் தாள் வந்த அன்று
தழைச்சத்து: மிகக் குறைவு என்றிருந்தது.
கைதட்டினோம்.
வேலிக்கு அப்பால் கலுண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூரியா விலை எகிறிய வருடம் அது.
மகிண்டு சந்தையில் இரண்டு கிலோ வாங்கி
சோடா மூடியால் அளந்து போட்டாள்.
குழிக்கு ஒரு மூடி.
கடைசி மூன்று வரிசைக்கு அரை மூடி.
அதற்கப்புறம் வெறும் கை.
"உங்களிடம் மூட்டை மூட்டையாய் இருக்கிறது,
போடமாட்டேன் என்கிறீர்கள்"
என்றாள் ஒருநாள், கோபமே இல்லாமல்,
மேகத்தைப் பற்றிப் பேசுவதுபோல.

இருநூற்று நாற்பது வகை மக்காச்சோளம்.
பெயர் கிடையாது, எண்தான்.
மழை இறங்கிய ஆறாவது வாரம்
கருவியால் இலையைக் கவ்விப் பிடிப்பேன்,
எவ்வளவு பச்சை என்று சொல்லும்.
இருபத்தொன்று. பத்தொன்பது. இருபத்திரண்டு.
அடியிலையின் நுனியில் தொடங்கி
நடுநரம்பு வழியே மஞ்சள் இறங்கிக்கொண்டிருக்கும்.
சிலதில் மகரந்தம் கொட்டித் தீர்ந்த பிறகுதான்
கதிருக்கு மயிர் எட்டிப் பார்க்கும்,
கடைசி மட்டாட்டு போனபின்
நிறுத்தத்துக்கு ஓடிவந்தவர்களைப்போல.

ஒரு காலை, பதினேழாம் வரிசையில்
கருவி நாற்பத்தாறு என்றது.
துடைத்துவிட்டு மறுபடி கவ்வினேன். நாற்பத்தேழு.
அடுத்த செடி. நாற்பத்தைந்து.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
விதைப்பையில் அச்சிடப்போகும் பெயரைக்கூட
யோசித்துவிட்டேன்
(ஒத்துக்கொள்கிறேன், என் மகள் பெயர்).
பிறகு குனிந்தேன்.

ஆட்டுப் புழுக்கை.
தூரோரம், சீராக,
செடிக்கு ஒரு பிடி.

ஆடு அளந்து போடாது.

காவலுக்கு இருந்த முசெம்பி
தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.
கலுண்டே மறைக்கவில்லை.
"எட்டு நாளாய் அந்த வரிசை மட்டும்
என் பக்கம் சாய்ந்து நின்றது.
எத்தனை நாள்தான் பார்க்காததுபோல் இருப்பது?"
அவளுக்கு நான்கே ஆடுகள்.
அவற்றின் புழுக்கை அவள் நிலத்துக்கே பற்றாது.
திட்ட வாயெடுத்தேன், வரவில்லை.
நன்றி சொல்லவும் வழியில்லை.

பதினேழைச் சிவப்பு மையால் அடித்தேன்.
இருபுறத்து வரிசைகளையும்,
வேர் எட்டிப் பார்த்திருக்கும் என்பதால்.
அறிக்கையில் காரணம் கேட்ட கட்டத்தில்
'வெளி ஊட்டம்' என்று எழுதிவிட்டு
வெகுநேரம் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மிச்சப் புழுக்கையைப் பொறுக்கி
அவள் வாளியிலேயே திருப்பிக் கொடுத்தோம்.
வாங்கிக்கொண்டாள். ஒரு கை குறைகிறது என்றாள்.

அறுவடையில்,
நான் ஒருமுறைகூட நின்று பார்க்காத
இருநூற்று மூன்று,
என் தோளுக்கும் எட்டாத குள்ளன்,
அடியிலை எல்லாம் சருகாகி
இருந்ததை எல்லாம் மேலே அனுப்பிவிட்டு
ஒரே ஒரு கதிர் வைத்திருந்தது.
உரித்தேன். நுனிவரை மணி.
என் நோட்டில் அதற்கு எழுதியிருந்தது பதினெட்டு.

ஒரு பருவத்தை நம்ப முடியாது.
வேறு மண், வேறு மேடு, வறண்ட வருடம் ஒன்று,
இன்னொரு தாயோடு கலப்பு,
அப்புறம் அனுமதிக் காகிதங்கள்.

கதிரைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள் கலுண்டே.
"எனக்கு எப்போது வரும்?"
ஏழு வருடம் ஆகலாம் என்றேன்.
"பதினான்கு மழை" என்றாள் உடனே.
"அதுவரைக்கும் எத்தனை மூடி?"

வேலியோரம் குந்தி
குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டோம்,
குழிக்கு ஒன்று, வரிசைக்கு நாற்பது,
கிலோ இத்தனை ஷில்லிங் என்று.
பாதியில், அவள் ஆடு ஒன்று
கணக்கின்மேல் நடந்து போனது.